ஒரு மாதப் பை

ஏரி கடந்து கொழும்புக்குப் போகிறவர்கள் வள்ளம் ஏறும் கிளாலித் துறையில் பை பார்க்கிற இயக்கப் பெண்பிள்ளைகள், பையைத் திறந்த உடனேயே ஆள் திரும்பி வருமா வராதா என்று சொல்லிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. கல்யாணப் படம் இருந்தால் வராது. ஞானஸ்நானச் சாட்சிப் பத்திரம் இருந்தால் வராது. காணி உறுதிப் பத்திரம் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. "அக்கா, நீங்கள் வீட்டை போங்கோ" என்று மரியாதையாகத்தான் சொல்வார்களாம்.

அதனால் யசிந்தாவின் பையை நான் அடுக்கினேன்.

யசிந்தா என் கணவர் கனிசியசின் ஒரே தங்கை. கடலிலிருந்து ஷெல் வந்து குருநகர்க் கரையில் இருக்கமுடியாமல் போன பிறகு, இரண்டு வருடமாக இரண்டு குடும்பமும் கோப்பாயில் ஒரு தோட்டக்காரரின் வெறும் வீட்டில் இருந்தோம். அவளுடைய கணவர் அடைக்கலநாதன் பிரான்சுக்குப் போய் நான்கு வருடம். மகள் மக்டலீனுக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்தது. ஒரு ஷெல் பக்கத்தில் விழுந்த நாளிலிருந்து பிள்ளையின் இடது காதில் சீழ் வடிந்தது. யாரும் கூப்பிட்டால் வலது கன்னத்தைத் திருப்பித்தான் கேட்கும். கொழும்பில் காட்டவேண்டும் என்று டொக்டர் கடிதம் தந்திருந்தார். அது உண்மையான கடிதம்.

ஊரை விட்டுப் போவதற்கு இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுப்பதற்கு ஆள்பிணை வேண்டும். போனவர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். பதில் சொல்வது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அடுத்த ஒழுங்கை லூர்த்தம்மாவின் மனிசன் செபநாயகம், தன் சித்தப்பா மகனுக்குப் பிணை நின்றவர். பங்குனி மாதம் ஒரு கையெழுத்து வைத்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டார்கள். ஆவணியாகியும் அந்தக் கையெழுத்து முடியவில்லை.

யசிந்தாவுக்குக் கனிசியஸ் பிணை நின்றார். பாஸ் கந்தோரில் நானும் பக்கத்தில் இருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த இயக்கப் பெடியன் தாளைப் பார்த்தபடியே கேட்டான்.

"தங்கச்சி திரும்பி வருவாவோ அண்ணை?"

"வராமல் எங்கை போறது? கருவாடு இல்லாமல் மூண்டு நாள் இருக்கமாட்டாள். கொழும்பிலை கருவாட்டுக்கு மணமும் இல்லையாம்."

பெடியன் சிரித்துவிட்டான். ஒரு மாதத்துக்குப் பாஸ் தந்தான்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அது. தேர்தல் நடக்கப்போகிறது, புது ஆட்கள் வருவார்கள், சமாதானம் பேசுவார்கள் என்று எல்லோரும் கதைத்தார்கள். கனிசியஸ் அதை நம்பினார். கடல்காரன் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிறான் என்று தோட்டத்தில் அவரைப் பகிடி பண்ணுவார்கள். "இன்னும் ஒரு போகம்தான். பிறகு நீங்கள் எங்கடை வள்ளத்திலை வந்து ஆட்டத்துக்குச் சத்தி எடுப்பியள்" என்று அவர் திருப்பிச் சொல்வார்.

போகிற நாள் காலையில் ஊரே எங்கள் வீட்டுக்கு வந்தது. கொழும்புக்குப் போகிறவரிடம் ஊர் இரண்டு விதமான சாமான் கொடுக்கும். ஒன்று போகிற சாமான்: வெளிநாட்டுக்குத் தபாலில் போடவேண்டிய கடிதங்கள். துறையில் வாசிப்பார்கள் என்பதால் உறைகளை ஒட்டாமல் தருவார்கள். மற்றது வருகிற சாமானுக்கான துண்டுகள்: மூக்குக் கண்ணாடியின் அளவு, பிரஷர் குளிசையின் பெயர், யாருக்கும் கேட்காமல் காதோடு சொல்லப்படும் உள்சட்டை அளவு. செருப்புக்கும் சப்பாத்துக்கும் தென்னோலை ஈர்க்கு. காலைத் தரையில் வைத்துக் குதியிலிருந்து பெருவிரல் வரைக்கும் பிடித்து முறித்து, பெயரைத் தாளில் எழுதிச் சுற்றித் தருவார்கள். என் மகன் சந்தியோகுவுக்குத் தை மாதம் கோயிலில் முதல்நன்மை. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துக்கு அவனுடைய காலை நான் இரண்டு முறை அளந்தேன். வளர்கிற கால் என்று ஒரு விரல் கூட்டி முறித்தேன்.

யசிந்தா யாருக்கும் மறுக்கவில்லை.

"எடியே, நீ வரேக்கை ஒரு லொறி பிடிக்கவேண்டி வரும்" என்றாள் லூர்த்தம்மா. அவள் ஒரு துண்டும் தரவில்லை. கனடாவில் இருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம் மட்டும் தந்தாள்.

"உங்களுக்கு ஒண்டும் வேண்டாமோ அக்கா?"

"எனக்கு வேண்டினது கொழும்பிலை விக்கிறேல்லை."

சிரித்துக்கொண்டு நின்ற சனம் விலகி வழி விட்டது. லூர்த்தம்மா தன் பாட்டில் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

பத்து மணியளவில் எல்லோரும் போய்விட்டார்கள். மூன்று மணிக்குக் கனிசியஸ் தோட்டத்திலிருந்து வந்து இருவரையும் துறைக்குப் போகிற வான் வண்டியில் ஏற்றவேண்டும். யசிந்தா ஏற்கனவே அடுக்கி வைத்திருந்த பச்சை றெக்சின் பையை நான் பாயில் கொட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் சாமான் கட்டுவது பழகிப்போன வேலை. குருநகரை விட்டு வந்து கோப்பாயில் சேருமுன் நான்கு வீடு மாறியிருந்தோம். ஆனால் அப்போதெல்லாம் எவ்வளவு கூடக் கொண்டுபோகலாம் என்றுதான் பார்த்தோம். இந்த முறை பை ஒரு மாதத்துக்கு மட்டும் கதைக்கவேண்டும்.

சேலை நான்கு. பிள்ளையின் சட்டை ஆறு. ஒடியல் மா, மிளகாய்த்தூள், டொக்டரின் கடிதம். ஊராரின் கடிதங்கள் ஒரு துவாய்க்குள் கவனமாகச் சுற்றியிருந்தன. கொட்டியதை மறுபடி மடித்துக்கொண்டு போகும்போது என் கை எதையோ தேடியது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. போகிற சாமான் எல்லாம் இருந்தது. வருகிற சாமானுக்கான துண்டு ஒன்றுகூட இல்லை.

குசினியில் இருந்தது. யன்னல் கட்டின்மேல், உப்புப் போத்தலுக்குப் பின்னால், அத்தனை துண்டும் அத்தனை ஈர்க்கும் ஒன்றாக நூலால் கட்டி வைத்திருந்தது. மறந்துபோன சாமானை யாரும் நூலால் கட்டி வைப்பதில்லை.

நான் அதை எடுத்துக்கொண்டு வந்து பையின் பக்கத்தில் இருந்தேன். யசிந்தா மக்டலீனுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். பின்னலை முடித்து, றிபன் கட்டி, "போய்க் கிணத்தடியிலை காலைக் கழுவு பிள்ளை" என்று அனுப்பினாள். பிறகு சீப்பில் இருந்த மயிரை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டினாள். வெளியே தண்ணீர் இறைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"வாங்கித்தராட்டில் சனம் திட்டட்டும் மச்சாள்" என்றாள் கடைசியில். "வாங்கிக்கொண்டு வாறன் எண்டு அந்த ஈர்க்குகளைக் கொண்டுபோக எனக்கு ஏலாமல் கிடந்தது. அதுக்குள்ளை சந்தியோகுவின்ரை ஈர்க்கும் கிடந்தது."

உடன்பிறந்த அண்ணனைப் பிணை வைத்துவிட்டுப் போகத் துணிந்தவளுக்கு, ஒரு ஈர்க்கைப் பொய்யாகக் கொண்டுபோக மனம் வரவில்லை. இதை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இப்போதும் முழுதாக விளங்கவில்லை.

"அண்ணைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சால் அவர் முகத்திலையே எழுதி ஒட்டியிருக்கும். தெரியாட்டில் தெரியாது எண்டுதான் சொல்லுவார். கேக்கிறவை நம்புவினம்."

"செபநாயகத்தாருக்கும் ஒண்டும் தெரியாதுதான்."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருசம், பத்து முடிஞ்சால், இந்தப் பிள்ளைக்குப் பாஸ் தரமாட்டினம் மச்சாள். இவளின்ரை அப்பா பிரான்சுக்கு எடுக்கிறதுக்குக் கொழும்பிலை எல்லாம் ஒழுங்குபடுத்திட்டார். இப்ப விட்டால் இனி இல்லை." கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் மாசாமாசம் டொக்டரிட்டைத் துண்டு வாங்கி அனுப்புவன். காதெண்டால் ஒரு மாசத்திலை மாறுற வருத்தமே? ஆறு மாசம் இழுக்கலாம். நான் பயணம் போனாப் பிறகும் ஆரையும் பிடிச்சு அனுப்பச் சொல்லுவன். அதுக்குள்ளை பாதை திறந்திடும். ஏதாவது நடக்கும்."

கனிசியஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் வந்ததும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பயணம் நின்றுவிடும். அவர் தங்கையை அடிக்கமாட்டார், ஏசவும் மாட்டார். ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்துவிட்டு மறுநாள் தோட்டத்துக்குப் போவார்.

நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் மேல் இருந்த இரக்கத்தால் சொல்லவில்லை என்று என்னை நானே பல நாள் நம்பவைத்தேன். இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று பாயில் இருந்தபோது என் மனம் வேறொரு கணக்கைப் பார்த்தது. சந்தியோகுவுக்கு எட்டு வயது. இரண்டு வருடத்தில் அவனுக்கும் பாஸ் இல்லை. பிரான்சில் ஒருத்தி இருந்தால், அதுவும் இப்படி ஒரு கடன்பட்டவளாக இருந்தால், ஒரு நாள் அவனையும் அங்கே எடுப்பாள். யசிந்தா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அது பாயின்மேல் கிடந்தது.

பிறகு நான் அடுக்கத் தொடங்கினேன். நான்கு சேலையில் இரண்டை எடுத்து வெளியே வைத்தேன். பிள்ளையின் சட்டை ஆறில் மூன்றை எடுத்தேன். பையின் அடித்தட்டுக்குக் கீழே தடவிப் பார்த்தபோது அவள் ஒளித்து வைத்திருந்த ஞானஸ்நானப் பத்திரம் கையில் பட்டது. அதை எடுத்து அலுமாரியில் வைத்தேன். சுவாமியாருக்கு எழுதினால் பிறகு அனுப்புவார். கடைசியாக அந்த நூல்கட்டை எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் கண்ணில் படும்படி வைத்தேன்.

யசிந்தா அதைப் பார்த்து அழுதாள். நான் பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

கனிசியஸ் துறைவரைக்கும் போய்விட்டு மறுநாள் காலைதான் வந்தார். வந்ததும் வராததுமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"எடி கத்தரீனா, பை பாத்த பெட்டை ஈர்க்குக் கட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, 'உதென்னக்கா, கொழும்பிலை விளக்குமாறு கட்டி விக்கப்போறியளோ' எண்டாள். யசிந்தாவுக்கு வாயே வரேல்லை. நான்தான் சொன்னனான், 'அது எங்கடை ஊரின்ரை கால் எல்லாம் பிள்ளை, கவனமாய் வை' எண்டு. அவளும் சிரிச்சுப்போட்டு விட்டிட்டாள். வேறை ஒண்டும் கிளறேல்லை."

இதை அவர் அன்று தோட்டத்திலும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் சொன்னார்.

முதல் மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, கொழும்பிலிருந்து திரும்பிய ஒரு ரீச்சர் ஒரு பெரிய பார்சலோடு வந்தார். டொக்டரின் துண்டு இருந்தது. சிகிச்சைக்கு இன்னும் ஒரு மாதம் தேவையாம். கூடவே கண்ணாடி, குளிசை, செருப்பு, உள்சட்டை, ஒன்றும் குறையாமல் ஊரார் கேட்ட அத்தனையும் பெயர் எழுதி இருந்தது. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி, சரியாக ஒரு விரல் பெரிதாக.

"பாத்தியே என்ரை தங்கச்சியை" என்று கனிசியஸ் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் அந்தச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு உண்மையான பயம் அன்றுதான் பிடித்தது. வரப்போகிறவள் இதையெல்லாம் தன் கையால் கொண்டுவந்திருப்பாள். இவள் எல்லோருடைய சாமானையும் முதலே கொடுத்துத் தீர்த்துவிட்டாள்.

இரண்டாம் மாதம் துண்டு மட்டும் வந்தது. வேறு யாரோ ஒருவரின் கையெழுத்தில் விலாசம் இருந்தது. மூன்றாம் மாதம் ஒன்றும் வரவில்லை.

ஐப்பசி முடிந்து மழை தொடங்கியது. ஏரியில் காற்று, வள்ளம் ஓடவில்லை, துண்டு அக்கரையில் யாருடைய பையிலாவது கிடக்கும் என்றார் கனிசியஸ். நாள் முடிந்து ஐந்தாம் நாள் நான் லூர்த்தம்மா வீட்டுக்குப் போனேன். அவள் சுளகில் அரிசி பிடைத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

"அக்கா, உள்ளுக்கு என்னென்ன சாமான் விடுவினம்?"

சுளகு நிற்கவில்லை.

"கயிறு, நாடா, பெல்ற் விடமாட்டினம். கட்டுறதுக்குச் சாரம் மூண்டு குடு. கறுப்பு நல்லது, ஊத்தை தெரியாது. முழுச் சவர்க்காரக் கட்டி குடுத்தால் வாசலைத் தாண்டாது. நாலாய் வெட்டிக் காயவிட்டுத் துணிக்குள்ளை சுத்து. சாப்பாடு குடுத்தால் பாத்திரம் திரும்பாது, ஓலைப்பெட்டியிலை குடு." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "உங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லையே பிள்ளை இன்னும்?"

"இல்லை."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பார்வையில் கோபம் இருக்கவில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"யசிந்தாவின்ரை பையை நீதானே அடுக்கினனீ?"

நான் படலைப் பக்கம் திரும்பினேன். அவள் மறுபடி பிடைக்கத் தொடங்கினாள். படலையடிக்கு வந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"பல்லு மினுக்க உமிக்கரி வை. பிறஸ் வேண்டாம்."

அன்றே சவர்க்காரத்தை வெட்டினேன். அலுமாரிக்குப் பின்னால், அவர் கை வைக்காத இடத்தில், கடதாசியின் மேல் காய வைத்தேன். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பேன். அவரிடம் சொல்லி, ஓடிவிடுங்கோ என்று சொல்லலாமா என்று யோசிப்பேன். ஓடுவதற்கும் பாஸ் வேண்டும். அதற்கும் ஒருவர் பிணை நிற்கவேண்டும்.

ஒரு கிழமை, ஏழு நாள், கழித்து, பின்னேரம், ஒரு பெடியன் சைக்கிளில் வந்தான். இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"கனிசியஸ் அண்ணை வீடோ இது? நாளைக்குக் காலமை ஒருக்காக் கந்தோருக்கு வரட்டாம். பயப்பிட ஒண்டுமில்லை அக்கா. ஒரு கையெழுத்து."

காலையில் மழை விட்டிருந்தது. சந்தியோகு பள்ளிக்குப் போய்விட்டான். கனிசியஸ் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்தபடி வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு துணிப்பையை விரித்து அதற்குள் ஒரு சாரம் வைத்தேன்.

"உதேன்? பன்னிரண்டு மணிக்கு முதல் வந்திடுவன். பின்னேரம் தண்ணி மாற வேணும்."

நான் இரண்டாவது சாரத்தை மடித்தேன். எனக்குத் தெரிந்திருந்தது: ஒன்றும் வைக்காமல் அனுப்பினால் அவர் என்னைச் சந்தேகிக்கமாட்டார், ஆனால் வெறும் நிலத்தில் உடுத்த வேட்டியோடு கிடப்பார். வைத்தால், வைக்கிற ஒவ்வொரு சாமானும் என்னைப் பற்றிச் சொல்லும்.

"என்னடியப்பா, என்னைக் கலைச்சுவிடுறியோ? நான் பொம்பிளை பாக்கவே போறன்?"

மூன்றாவது சாரத்தையும் வைத்தேன். அவர் சிரிப்பை நிற்பாட்டினார். கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். உமிக்கரி கட்டிய கடதாசிச் சரையைப் பார்த்தார். துணியில் சுற்றியிருந்த சவர்க்காரத்தை எடுத்து அவிழ்த்தார். நான்கு துண்டும் வெயிலில் கிடந்த கருவாடு மாதிரி ஓரம் சுருங்கி வெடித்திருந்தன. ஒன்றை எடுத்து வெட்டின பக்கத்தைப் பெருவிரலால் தடவினார்.

"எப்ப வெட்டினது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"போன கிழமை."

"பெடியன் வந்தது நேற்று."

"ஓம்."

அவர் துண்டைத் திரும்பத் துணியில் வைத்து, இருந்தமாதிரியே சுற்றினார். அதற்கு வெகுநேரம் எடுத்தது. தோட்டத்து மெஷின் அன்று ஓடவில்லை. கிணற்றடி வாழையில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. யசிந்தாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். பாயின்மேல் கிடந்த அந்தக் கணக்கையும்கூடச் சொல்லியிருப்பேன். என் முகத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழும்பி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய போர்வை இருந்தது. அதை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"மாரி துவங்கிட்டுது" என்றார். "உதையும் வை."

பை சிறிது. போர்வை உள்ளே போகவில்லை. அவர் குனிந்து, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.